கணித மேதை இராமாநுஜன்: நினைவும் நனவிலி மனமும் விருப்புரிமையும்

முகவுரை

மாந்தர்க்கு அமைந்த ஆற்றல்களுள் அவர்க்கே பெருவியப்பை விளைப்பது நினைவாகும். கற்றதனை மறந்துவிட்டோம் என்று நாம் சோர்ந்திருக்கும் வேளையில் அஃது அழையாமலே வந்து முன்னிற்கும். தேர்வு மண்டபத்தில் வருந்தி அழைக்கும் வேளையிலோ எங்கோ ஒளிந்துகொள்ளும். நம் ஏவலுக்கு முற்றும் அடங்காத இவ்வாற்றல் நம்முள்ளேயே இருந்து, நாம் அறியாதவாறு தொழில் புரியுமாயின், நம் எண்ணங்களை நம்முடையன என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? நம் செயல்களை நாமே விரும்பித் தெரிந்துகொண்டன என்றல்தான் எங்ஙனம் கூடும்?

இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவனார் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டினையும் ஒரு நூலிலேயே வைத்த அப்பெரியாரின் கருத்தினை ஆராய்வது ஆன்றோர் செயல். சிறியேன் அத்துறையில் இறங்கத் துணிந்தேன் அல்லேன். நம் நாட்டிற் பிறந்து, முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்து, உலகெங்கும் புகழ் நிறுவிச் சென்ற சீனிவாச இராமாநுஜன் என்னும் கணித மேதையின் வரலாற்றை இவ்வினாவோடு சேர்த்து ஒருமுறை நோக்குதலே இக்கட்டுரையின் பயன்.

பாகூர் ஏரி

சிறியேன் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியைச் சார்ந்த பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ மன்னன் ஆட்சியில், எம்மூரில் அமைந்திருந்த வித்தியாஸ்தானம் ஒன்றற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. ஏடுகள் அரியவாயிருந்த அக்காலத்தில் கல்வி என்பது பெரும்பாலும் மனப்பாடமே. கற்றோன் நெஞ்சமே அவனுக்கு நூலகம்.

அக்கல்விச்சாலை இன்று இல்லை, ஏரி உளது. தென்பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்து அவ்வேரியை நிரப்பும். மடை திறந்து வயலுக்குப் பாயும் நீரை யாவரும் காண்பர். ஏரியின் அடியில் மண்ணுக்குள் ஊறிச் சென்று, தொலைவிலுள்ள கிணற்றில் மட்டம் உயரச் செய்யும் நீரை எவரும் காணார். மனத்தின் தொழிலும் இவ்விருவகைப்பட்டதே. நாம் அறிந்து செலுத்தும் நினைவு மடைநீர். அறியாமலே ஊறி வருவது அடிநீர். பிற்கால உளநூலார் நனவிலி மனம் என்று பெயரிட்டழைப்பது இவ்வடிநீரையேயாம். இராமாநுஜன் வரலாற்றில் இவ்வடிநீர் பொங்கியெழுந்ததைக் காண்கின்றோம்.

பிறப்பும் இளமையும்

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடிச் சிறுபொருள் ஈட்டிக் குடும்பத்தைத் தாங்கியவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீடே அவர்தம் இருப்பிடம். நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயார் அக்குடும்பத்தார் வழிபடு தெய்வம்.

1897-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதல்வராகத் தேறி, மறு ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலைப் பதின்மூன்றாம் வயதிற்குள் கற்றுத் தெளிந்தார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தைப் பல தசம இடங்கள் வரை நெட்டுருவாகச் சொல்லி உடன் பயில்வோரை மகிழ்விப்பது அவர்க்கு ஒரு விளையாட்டு.

1903-ஆம் ஆண்டில், பதினைந்து வயதினரான அவர் கையிற் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்கம் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை வரிசையாக அடுக்கிய நூல் அது. தேர்வுக்குப் படிப்போர் பொருட்டு எழுதப்பட்டதாகலின் அதில் நிறுவல்கள் மிகக் குறைவு, முடிபுகளே மிகுதி. பிறர் ஒருவர் கையில் அஃது உலர்ந்த அட்டவணையாகவே இருந்திருக்கும். இராமாநுஜனோ ஒவ்வொரு முடிபையும் ஒரு புதிராகக் கொண்டு, அதன் வழியைத் தாமே கண்டுபிடிக்கப் புகுந்தார். இவ்விடத்தை நண்பர்கள் உற்று நோக்குதல் வேண்டும். அவர் அந்நூலை மனப்பாடம் செய்யும்படி எவரும் ஏவவில்லை, பரிசும் இல்லை. நாள்தோறும் சிலேட்டுப் பலகையில் எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாகத் தாமே விரும்பி உழைத்தார். தாள் வாங்கப் பொருள் இல்லாமையால் முடிபை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். எழுதிய வழி சிலேட்டிலிருந்து அழிந்தது, நெஞ்சிலிருந்து அழியவில்லை.

தோல்விகள்

1904-ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புகுந்தார். கணிதம் அவரை முற்றும் விழுங்கியது. ஏனைய பாடங்களை அவர் ஏறெடுத்தும் பாரார். ஆங்கிலக் கட்டுரையில் தேறாமையால் உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் எவர்க்கும் உரையாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் 1906-இலும் 1907-இலும் எப்.ஏ. தேர்வில் தவறினார்.

இத்தோல்வி அவர் குற்றமா? ஏனைய பாடங்களைப் படியாமல் விட்டது அவர் விருப்பமா, அன்றி அவரால் விலக்கவொண்ணாத ஓர் ஈர்ப்பா? மாணவராகிய நமக்கு இது வெறும் தத்துவ வினா அன்று. ஒரு பாடத்தில் தவறிய மாணவனை நாம் சோம்பேறி என்கின்றோம். அவன் உள்ளம் எங்கே உழைத்துக்கொண்டிருந்தது என்று வினவுவதில்லை. அவ்வாறு கூறுவதனால் நம் சோம்பலுக்கெல்லாம் நனவிலி மனத்தைப் பொறுப்பாக்கலாம் என்பது பொருளன்று. இராமாநுஜன் ஒரு வாயிலை அடைத்தபோது மற்றொரு வாயிலில் இரவு பகலாக உழைத்தார். நம்மிற் பலர் இரண்டு வாயில்களையும் அடைத்துவிட்டு உறங்குகின்றோம். வேறுபாடு அங்கே உளது.

தென்பெண்ணைக் கரையில்

1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜானகி அம்மையாரை மணந்தார். குடும்பப் பொறுப்பு வந்துற்றது. குறிப்பேடுகளைக் கையிலேந்தி வேலை தேடி அலைந்தார். 1910-ஆம் ஆண்டில், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவரும் திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்தவருமான வி. இராமசாமி ஐயரைக் கண்டு, தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை வேண்டினார். குறிப்பேட்டைப் புரட்டிய அப்பெரியார், இத்தகைய அறிவினைக் கடைநிலை வேலை ஒன்றிற் புதைத்தற்கு மனமின்றிச் சென்னையிலுள்ள கணிதப் புலவர்க்கு அவரை அனுப்பி வைத்தார். எம்மூர் ஏரியை நிரப்பும் தென்பெண்ணையின் கரையிலே, ஒருவர் வேலை கொடாமையால் உலகிற்கு நன்மை விளைந்தது என்று எண்ணுந்தோறும் உள்ளம் உவக்கின்றது.

பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். 1911-இல் முதற் கட்டுரை வெளியாயிற்று. 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்கே மேலாளராயிருந்த நாராயண ஐயரும் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் தகுதியை உணர்ந்து ஊக்கினர். 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை நிரப்பிய கடிதம் ஒன்றை விடுத்தார். அதன் பெருமையை ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் ஓர் இரவிலே உணர்ந்தனர்.

மறைந்து உழைக்கும் மனம்

இம்முடிபுகள் அவர்க்கு எங்ஙனம் தோன்றின? நாமகிரித் தாயார் கனவில் வந்து அருளியதாக அவரே நண்பரிடம் கூறுவதுண்டு. நள்ளிரவில் விழித்தெழுந்து, தோன்றியதை எழுதிவிட்டு மீண்டும் உறங்குவார் என்று உடனிருந்தோர் நினைவுகூர்ந்தனர். சிறியேன் வேறு சமயத்தினன். எனினும் பிறர் பத்தியை எள்ளுதல் பண்புடைமை ஆகாது. அவர் அதனை அருள் என்று பெயரிட்டார். உளநூலார் வேறு பெயரிடுவர். இரு திறத்தாரும் ஒன்றனை ஒப்புவர்: விழித்திருந்து முயன்ற அறிவிற்கு எட்டாத விடை, அம்முயற்சி ஓய்ந்தபின் தானே வந்தது.

இது கும்பகோணத்திற்கே உரிய புதுமையன்று. பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஹென்றி புவான்காரே 1908-இல் தம் அனுபவத்தை விளக்கினார். பல நாள் உழைத்தும் முடியாத ஒரு சிக்கலை அவர் கைவிட்டு வெளியூர்ப் பயணம் சென்றார். கூத்தான்சு என்னும் ஊரில் வண்டியின் படியிற் கால் வைத்த நொடியில், அதனைப் பற்றி எண்ணாமலே விடை தோன்றியது. செருமானிய அறிஞர் ஹெல்மோல்ட்சு 1891-இல், தமக்கு நல்லெண்ணங்கள் மேசையருகில் தோன்றாமல், களைப்பு நீங்கியபின் மலைச்சரிவில் உலவும்போதே தோன்றின என்று கூறினார். ஆங்கில அறிஞர் கிரகாம் வாலசு 1926-இல் இதனை நான்கு படிகளாக வகுத்தார்: ஆயத்தம், உள்ளடங்கி முதிர்தல், ஒளி தோன்றல், சரிபார்த்தல். இடையிலுள்ள இரண்டும் நம் ஆணைக்கு அடங்கா. முதலும் முடிவும் நம் கையில் உள்ளன.

மாற்கு சுவிசேஷத்தில் விதைத்தவன் ஒருவனைப் பற்றிய உவமை உண்டு. அவன் இரவில் உறங்குகின்றான், பகலில் எழுகின்றான். விதை முளைத்து வளர்கின்றது, எவ்வாறென்று அவன் அறியான். ஆயினும் நிலத்தைத் தேடி விதைத்தவன் அவனே. கதிர் முற்றியபோது அரிவாளை எடுப்பவனும் அவனே. நெல் விளையும் எம்மூரார் இதனை எளிதில் உணர்வர்.

கடல் கடக்கும் முடிபு

ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். 1913-இல் இராமாநுஜன் இசையவில்லை. கடல் கடந்தோர் குலத்தினின்றும் விலக்கப்படுவர் என்னும் அச்சம் ஒருபால். தாயாரின் மறுப்பு ஒருபால். சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தமையால் இங்கேயே தங்கினார். 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்பார் சென்னைக்கு வந்து மீண்டும் வினவியபோது, இராமாநுஜன் இசைந்தே இருந்ததைக் கண்டு வியந்தார்.

இடையே நிகழ்ந்தது யாது? இரு வகையாகக் கூறுவர். நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று கோயிலில் மூன்று இரவு தங்கியபோது, இராமாநுஜன் செல்லுமாறு ஆணை பெற்றார் என்பது ஒன்று. வெள்ளையர் நடுவே தம் மகன் அமர்ந்திருத்தலைத் தாயார் கனவிற் கண்டு, அவன் பயனை மறிக்கலாகாது என்று நாமகிரித் தாயார் பணித்ததாக உணர்ந்து இசைந்தார் என்பது மற்றொன்று.

கனவின் வழி வந்த முடிபு எவருடைய முடிபு? இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவே என்று துணிகின்றேன். கனவு கட்டளையிட, மனிதன் கீழ்ப்படிந்தான் என்று கூறின், அங்கே விருப்புரிமைக்கு இடமில்லை. ஆயின் அக்கனவிற்கு முன் ஓராண்டுக் காலம் நிகழ்ந்ததை எண்ணுக. அழைப்பு வந்தது, நண்பர் வற்புறுத்தினர், ஹார்டியின் கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன, கணித வேட்கை உள்ளே எரிந்தது, குல வழக்கமும் தாயன்பும் எதிர்நின்று தடுத்தன. இவையனைத்தும் நெஞ்சின் அடியில் ஒன்றோடொன்று வழக்காடின. அவ்வழக்கின் தீர்ப்பே கனவாக வெளிப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை. அந்நெஞ்சம் பிறருடையதன்று, அவருடையதே. எழுந்தபின் அதனைத் தம் முடிபாக ஏற்று, குடுமியைக் களைந்து, மேனாட்டு உடை தரித்து, அக்கோலத்தைத் தாயும் மனைவியும் கண்டு வருந்தாதபடி அவர்களை முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டு, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் ஏறியவரும் அவரே. கனவு கப்பலேறவில்லை.

கேம்பிரிட்ஜில்

டிரினிட்டி கல்லூரியில் ஹார்டி அவர்க்கு நிறுவல் என்னும் கட்டளையைக் கற்பித்தார். அதற்கு ஒரு காரணம் உண்டு. இராமாநுஜன் உள்ளத்தில் தோன்றியன பெரும்பாலும் உண்மையாயினும், எல்லாம் உண்மையாகா. பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி முதற் கடிதங்களில் அவர் கூறிய முடிபு தவறானது. அருள் என்று தோன்றுவதும் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதை இஃது உணர்த்துகின்றது. உள்ளிருந்து எழும் எண்ணம் ஒரு விண்ணப்பம் போன்றது. அதற்குக் கையெழுத்திடுவதும் திருப்பியனுப்புவதும் விழித்த அறிவின் கடமை.

1914-ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்ததாக மகலநோபிசு உரைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இராமாநுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். மகலநோபிசு ஒரு பத்திரிகையிலிருந்து புதிர் ஒன்றைப் படித்தார். ஒரு தெருவில் வீடுகள் 1 முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டின் இடப்புறத்து எண்களின் கூட்டுத்தொகை வலப்புறத்துக் கூட்டுத்தொகைக்குச் சமம். வீடுகள் 50-க்கு மேல் 500-க்குள். விடை 288 வீடுகளுள் 204-ஆம் வீடு. இராமாநுஜன் கிளறுவதை நிறுத்தாமலே ஒரு தொடர் பின்னத்தைக் கூறினார். அஃது அப்புதிர்க்கு மட்டுமன்று, அவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் விடையாயிற்று. எங்ஙனம் கண்டீர் என்று வினவியபோது, இது தொடர் பின்னம் என்பது கேட்டவுடனே தெளிவாயிற்று, எந்தத் தொடர் பின்னம் என்று எண்ணினேன், விடை வந்தது என்னும் கருத்துப்பட விடையிறுத்தார்.

மற்றொரு நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. புட்னி என்னுமிடத்தில் நோயுற்றுக் கிடந்த அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அதிற் சிறப்பொன்றும் இல்லை என்றும் கூறினார். அஃது இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் அமையும் எண்களுள் மிகச் சிறியது என்று இராமாநுஜன் உடனே உரைத்தார். 1-இன் கனமும் 12-இன் கனமும் கூடின் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் கூடினும் 1729. இதனைக் கேட்போர் மின்னலென வியப்பர். ஆயின் இவ்வுறவு அவருடைய பழைய குறிப்பேட்டிலேயே காணப்படுகின்றது. சென்னையில் ஏழ்மையில் உழைத்த நாளில் விதைத்த வித்தினை, இலண்டன் நோய்ப்படுக்கையிற் கொய்தார். ஞானதிருட்டி என்று நாம் போற்றுவதன் பெரும்பகுதி, உழைத்துச் சேர்த்த நினைவேயாம்.

இக்கால ஆய்வு

விருப்புரிமையைப் பற்றிய வழக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வுக்கூடத்திற்கும் சென்றது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், விரும்பிய வேளையிற் கையை அசைக்குமாறு சிலரைப் பணித்து, அவர் மூளையின் மின்மாற்றத்தை அளந்தார். அசைவுக்கு ஏறத்தாழ 0.55 நொடிக்கு முன்னரே மூளை ஆயத்தமாயிற்று. அசைக்க விரும்புகின்றேன் என்னும் உணர்வோ 0.2 நொடிக்கு முன்னரே தோன்றியது. மூளை முன்னே தொடங்க, நாம் பின்னே அறிகின்றோம் எனின், முடிவு செய்பவர் யார் என்று பலர் திகைத்தனர். லிபெட் தாமே ஒரு வழி கண்டார்: தொடங்கியதைக் கடைசி நொடியில் தடுத்து நிறுத்தும் உரிமை நமக்கு உண்டு என்றார். 2012-இல் ஷூர்கர் முதலியோர், அம்முன்மாற்றம் முடிவு அன்று, மூளையில் எப்பொழுதும் ஏறியிறங்கும் அலைவே ஆகலாம் என்று வேறு பொருள் கூறினர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நினைவைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அமெரிக்க நாட்டு ஹென்றி மொலேசன் என்பார்க்கு 1953-இல் வலிப்பு நோய் தீர மூளையில் அறுவை மருத்துவம் செய்தனர். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் அவர் நினைவில் நிறுத்த இயலவில்லை. ஆயினும் கண்ணாடியில் நோக்கி வரையும் பயிற்சியை நாள்தோறும் கொடுத்தபோது, முதல் நாட் பயின்றதை மறந்திருந்தும் அவர் கை தேர்ச்சி பெற்றுக்கொண்டே வந்தது. உளநூலார் பிரெண்டா மில்னர் இதனைக் கண்டறிந்தார். மனம் மறந்தாலும் பயிற்சி மறவாது என்னும் இவ்வுண்மை, நாள்தோறும் சிலேட்டில் எழுதி அழித்த கும்பகோணத்து இளைஞரை நமக்கு நன்கு விளக்குகின்றது.

கையை அசைக்கும் நொடியிலே விருப்புரிமையைத் தேடுவது, கதிர் அரியும் நாளிலே விதைப்பைத் தேடுவது போன்றது. நம் உரிமை பெரிதும் முன்னரே செலவாகிவிடுகின்றது: எதனைக் கற்பது, எதனை நாள்தோறும் எண்ணுவது, எவரோடு பழகுவது, எதனை உள்ளே விடாமல் அடைப்பது என்பனவற்றில். ஏரியின் அடியூற்றுக்கு நாம் ஆணையிடல் இயலாது. ஆயின் ஏரியைத் தூர் வாருவதும், நல்ல நீரைக் கொண்டுவரும் வாய்க்காலைத் திருத்துவதும் நம் பணி.

இருண்ட நாளும் இறுதி ஆண்டும்

இவ்வாறு கூறுவதில் ஓர் இடர் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. எல்லாம் நம் பயிற்சியே எனின், நெஞ்சம் நோயுற்று வீழ்ந்தவனை யாது சொல்வது? போர்க்காலத்து இங்கிலாந்தில், தம் சமய ஒழுக்கத்திற்கேற்ற மரக்கறி உணவும் உறவினர் துணையும் கிட்டாமல், 1917 முதல் இராமாநுஜன் நோய்வாய்ப்பட்டார். 1918-இன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இருப்புப்பாதையில் உயிர்விட முயன்று, வண்டி நிறுத்தப்பட்டமையால் உயிர் தப்பினார் என்று ஹார்டி வாயிலாக அறிந்த வானூல் அறிஞர் சந்திரசேகர் எழுதியுள்ளார். தனிமையும் நோயும் மூடிய அந்நாளில் அவர் விருப்புரிமை எத்துணை இருந்தது என்று அளக்க யாம் தகுதியுடையோம் அல்லேம். அறியாத ஆழத்திலிருந்து ஒளி வரும் எனின், அங்கிருந்து இருளும் வரும். ஒளிக்காக ஒருவரைப் புகழும் நாம், இருளுக்காக அவரைப் பழித்தல் முறையன்று. அருகிருந்து தாங்குதலே முறை. நம் விடுதிகளிலும் வாய்திறவாமல் வாடும் தோழர் இருத்தல் கூடும். அவர் கதவைத் தட்டுதல் நம் விருப்புரிமைக்குள் அடங்கியதே.

அவ்வாண்டே இராயல் கழகத்து உறுப்பினராகவும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி உறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். 200 என்னும் எண்ணை எத்தனை வகையாகக் கூறுபடுத்தலாம் என்பதற்கு விடையாகிய 3,972,999,029,388 என்னும் பேரெண்ணைத் தரவல்ல வாய்பாட்டை, ஹார்டியும் அவரும் 1918-இல் வெளியிட்டனர்.

1919 மார்ச்சுத் திங்களிற் பம்பாய் வந்திறங்கினார். உடல் தேறவில்லை. சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றியும் பயனில்லை. ஆயினும் படுக்கையிற் கிடந்தவாறே எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு விடுத்த இறுதிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதுமையை அறிவித்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அவ்விறுதி ஆண்டின் தாள்கள் பல்லாண்டு எவர் கண்ணிலும் படாமற் கிடந்து, 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூசு என்பவராற் கண்டெடுக்கப்பட்டன. 600-க்கு மேற்பட்ட வாய்பாடுகள் அவற்றில் இருந்தன.

உயிர்விடத் துணிந்தவரும், காய்ச்சலில் தாளும் எழுதுகோலுமாக உழைத்தவரும் ஒருவரே. அவ்விரண்டிற்கும் இடையே ஈராண்டுகளே கழிந்தன. தம்முள் எழுந்த இருளுக்கு மீண்டும் இடங்கொடாமல், எஞ்சிய நாட்களை எண்களுக்கு ஈந்தமையில் அவர் விருப்புரிமை விளங்குகின்றது என்று சிறியேன் நம்புகின்றேன்.

முடிவுரை

நண்பர்காள்! எண்ணம் எங்கிருந்து வருகின்றது என்று நாம் அறியோம். அறியாமையால் நம் பொறுப்பு நீங்குவதில்லை; செருக்கு நீங்குதல் வேண்டும். தேர்வில் ஒரு விடை தானே நினைவில் எழுந்தால், அதனை எழுப்பிய ஆசிரியரையும் பெற்றோரையும் அதனைக் கற்ற பழைய இரவுகளையும் நினைத்து நன்றி கூறுவோம். தீய எண்ணம் ஒன்று தானே எழுந்தால், அதற்காக நம்மை வெறுத்தொதுக்காமல், கையெழுத்திடாமல் திருப்பியனுப்புவோம்.

கோடையில் எம்மூரில் ஏரி வற்றிய பின்னும் சில கிணறுகளில் நீர் இருக்கும். சென்ற மழைக்காலத்தில் எவரோ வாய்க்காலைச் செம்மை செய்திருந்தனர் என்பதே அதன் பொருள். நம் கல்லூரி நாட்கள் அம்மழைக்காலம் போன்றவை.